எங்கட நான்கு பருவங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

எங்கள் வகுப்பறைச் சுவரில் ஒரு சார்ட் இருக்கிறது. நான் இந்தப் பாடசாலைக்கு வருவதற்கு முன்பே யாரோ புத்தகக் கடையில் வாங்கி ஒட்டியது. ஒரே மரம், நான்கு கட்டம். ஒன்றில் பூ, ஒன்றில் பச்சை இலை, ஒன்றில் செம்மஞ்சள் இலை, ஒன்றில் பனி மூடிய மொட்டைக் கிளை. கீழே ஆங்கிலத்தில் நான்கு பெயர்கள். தரம் 7க்கு ஆங்கிலம் படிப்பிப்பதால் வருடத்துக்கு ஒரு தடவை அந்தச் சார்ட்டின் முன்னால் நான் நிற்க வேண்டும். பிள்ளைகள் நான்கு சொல்லையும் எழுத்துப் பிழையில்லாமல் எழுதி விடுவார்கள். ஆனால் யன்னலுக்கு வெளியே நிற்கும் பலாமரம் ஏன் எந்தக் கட்டத்திலும் இல்லை என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை.

இந்த முறை பாடத்துக்கு முந்திய இரவு, இந்த நான்கு கட்டப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு போனேன். தேடல் என்னை 1570ஆம் ஆண்டு அன்ட்வெர்ப் நகரத்துக்குக் கொண்டு போனது. இன்றைக்கு அது பெல்ஜியத்தில் இருக்கிறது. அப்போது நெதர்லாந்து நாடுகள் என்று மொத்தமாகச் சொல்லப்பட்ட பகுதியின் பெரிய வியாபார நகரம். அங்கே ஹிரோனிமஸ் கொக் என்பவர் ஒரு படக்கடையும் அச்சகமும் வைத்திருந்தார். கடையின் பெயர் 'நான்கு காற்றுகள்'. (இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.) நான்கு பருவங்களையும் நான்கு செப்புத்தகட்டுப் படங்களாக வெளியிட அவர் பீட்டர் புரூகல் என்ற ஓவியரிடம் வேலை கொடுத்தார். புரூகல் வசந்தத்தை 1565இலும் கோடையை 1568இலும் வரைந்து கொடுத்தார். 1569இல் அவர் இறந்து போனார். மிச்ச இரண்டையும், இலையுதிர்காலத்தையும் குளிர்காலத்தையும், ஹான்ஸ் பொல் என்ற இன்னொருவர் வரைந்தார். பீட்டர் வான் டெர் ஹெய்டன் என்ற செதுக்குநர் நான்கையும் தகட்டில் வெட்டினார். 1570இல் படங்கள் வெளிவந்தன. அதே வருடம் கொக்கும் இறந்து விட்டார். அவருடைய மனைவி வொல்க்ஸ்கென் டீரிக்ஸ் அதற்குப் பிறகு முப்பது வருடம், 1600இல் தான் இறக்கும் வரை, அந்த அச்சகத்தை நடத்தினார். இந்த விசயத்தைப் பிள்ளைகளிடம் சொல்ல மறக்கவில்லை, குறிப்பாகப் பெண் பிள்ளைகளிடம்.

நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் நூதனசாலையும் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் நூதனசாலையும் தங்களிடமுள்ள இப்படியான பழைய படங்களை இணையத்தில் இலவசமாகவே தருகின்றன. தரவிறக்கி, டவுனில் ஒரு கடையில் பெரிய தாளில் அச்செடுத்துக்கொண்டு போனேன்.

படங்களைப் பார்த்த போதுதான் எனக்கு ஒரு விசயம் விளங்கியது. சார்ட்டில் மரம் மட்டும்தான் மாறுகிறது. புரூகலின் படத்தில் மனிதர்களின் வேலை மாறுகிறது. வசந்தம் என்றால் முன்னால் தோட்டக்காரர்கள் பாத்தி கொத்துகிறார்கள், செடி நடுகிறார்கள், வீட்டுக்கார அம்மா நின்று வேலை சொல்கிறா. கொஞ்சம் பின்னால் செம்மறிகளுக்கு மயிர் கத்தரிக்கிறார்கள். இன்னும் பின்னால் ஒரு கூட்டம் ஆடிப்பாடி இருக்கிறது. மார்ச், ஏப்ரல், மே என்று மூன்று மாதத்தின் வேலையையும் முன்னும் பின்னுமாக ஒரே படத்தில் அடுக்கி விட்டார். கீழே இலத்தீனில் மாதங்களின் பெயர்களும் இருக்கின்றன. கோடைப் படத்தில் ஓர் அறுவடைக்காரர் வேலைக்கு நடுவில் உட்கார்ந்து பெரிய சாடியைத் தூக்கித் தண்ணீரோ எதுவோ குடிக்கிறார். பக்கத்தில் ஒரு பெண் தலையில் மரக்கறிக் கூடை. கூடை அவளுடைய முகத்தையே மறைத்து விட்டது.

பிள்ளைகள் இரண்டு நிமிடம் சத்தமில்லாமல் பார்த்தார்கள். பிறகு பின் வாங்கில் இருக்கும் ஒரு பையன் கையை உயர்த்தினான். இவன் சாதாரணமாக வாய் திறக்க மாட்டான்.

"டீச்சர், இவர்ட கால் படத்துக்கு வெளிய வந்தீக்கி."

உண்மைதான். அந்த அறுவடைக்காரரின் பாதமும் அரிவாளும் படத்தின் கீழ்க்கோட்டைத் தாண்டி, இலத்தீன் எழுத்து இருக்கும் இடத்துக்கு நீண்டு வந்திருக்கின்றன. கலை வரலாறு எழுதும் பெரியவர்கள் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். எங்கள் பையனுக்கு அரை நிமிடம்தான் தேவைப்பட்டது. "ஏன் அப்படி வரைஞ்சிருப்பார்?" என்று கேட்டேன். "கால் நீட்டிக்கொள்ள இடம் பத்தல்ல போல, டீச்சர்" என்றான். எனக்கு அந்தப் பதில் போதும்.

இலையுதிர்காலத்தை விரைவாகக் கடந்தேன். அந்த நாட்டு மரபில் அது பழம் பறிக்கிற, திராட்சை பிழிகிற, குளிருக்கு முன் கொழுத்த மிருகங்களை அறுக்கிற காலம். குளிர்காலத்தில் தீவனம் கிடைக்காது, அதனால் அறுத்து உப்புப் போட்டு வைப்பார்கள் என்று சொன்னேன். எந்த மிருகம் என்று நான் சொல்லவும் இல்லை, அவர்கள் கேட்கவும் இல்லை. ஒரு பிள்ளை மட்டும், "ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பொறகு எங்கட உம்மம்மா போடுற உப்புக்கண்டம் மாதிரியா டீச்சர்?" என்றாள். அதே மாதிரிதான்.

குளிர்காலப் படத்தில் தண்ணீர் உறைந்து போய் ஊரே அதன் மேல் சறுக்கி விளையாடுகிறது. "இவங்க யாருமே வேல செய்யல்லியே" என்றார்கள். நிலம் கல்லாக இறுகினால் என்ன வேலை? சறுக்குவதுதான் வேலை. 1564–65 குளிர்காலம் அந்தப் பகுதியில் மிகக் கொடூரமாக இருந்தது. புரூகலின் பெயர் பெற்ற பனி வேட்டைக்கார ஓவியமும் 1565இல்தான் வரையப்பட்டது. சும்மா கற்பனையில் வரைந்த குளிர் அல்ல, அனுபவித்த குளிர். இன்றைக்கு அந்தக் குளிரே அங்கே குறைந்து விட்டது. நெதர்லாந்தில் பதினொரு நகரங்களை இணைத்து உறைந்த கால்வாய்களின் மேல் கிட்டத்தட்ட 200 கிலோமீற்றர் சறுக்கும் போட்டி ஒன்று இருக்கிறது. பனிக்கட்டி போதிய தடிப்பாக இருந்தால்தான் நடத்துவார்கள். கடைசியாக நடந்தது 1997இல். என் வகுப்பில் இருக்கும் ஒரு பிள்ளையும் அப்போது பிறந்திருக்கவில்லை. சார்ட்டில் இருக்கும் பனி, சார்ட்டின் சொந்த ஊரிலேயே ஒழுங்காக வருவதில்லை என்று சொன்னதும் பிள்ளைகளுக்கு ஒரே ஆச்சரியம்.

சரி, நமக்கு எத்தனை பருவம்?

இந்தக் கேள்விக்கு வகுப்பில் ஐந்து விடைகள் வந்தன. "ரெண்டு: வெயில், மழை." வானிலை அவதான நிலையத்தின் கணக்கில் நான்கு. மார்ச், ஏப்ரல் முதலாவது இடைப்பருவம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவப்பெயர்ச்சி. ஒக்டோபர், நவம்பர் இரண்டாவது இடைப்பருவம். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் பருவப்பெயர்ச்சி. நான்குமே பருவக்காற்றை வைத்துப் பெயரிடப்பட்டவை. தமிழ் படித்த ஒரு பிள்ளை ஆறு என்றாள். தொல்காப்பியம் சொல்லும் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். அதிலும் கார்காலம் ஆவணி, புரட்டாசி. எங்கள் மலையில் வானம் உண்மையாகவே உடைத்துக்கொண்டு ஊற்றுவது ஐப்பசி, கார்த்திகையில்.

மதரஸாவுக்குப் போகும் ஒருத்தி, "ரபீஉல் அவ்வல் எண்டா வசந்தம்தானே, ஹஸரத் சென்ன" என்றாள். சொல்லின் கருத்து அதுதான். ரமழான் என்ற பெயரிலும் சுட்டெரிக்கும் வெப்பம் இருக்கிறது. ஆனால் நம்முடைய வருடம் சந்திரனைப் பார்த்து ஓடுகிறது. 354 நாள். சூரிய வருடத்தை விட ஏறத்தாழ 11 நாள் குறைவு. அதனால் ரமழான் எல்லாப் பருவத்தையும் ஒரு சுற்றுச் சுற்றி வர 33 வருடம் ஆகும். நான் சிறு பிள்ளையாக நோன்பு பிடிக்கப் பழகியது தை, மாசிக் குளிரில். கொஞ்சக் காலத்துக்கு முன் ஜூன், ஜூலை மழையில் பிடித்தோம். பெயர் மட்டும் பழைய பருவத்தைச் சுமந்துகொண்டு போகிறது. குறைஷ் சூராவிலும் இரண்டே இரண்டுதான் வருகிறது என்று அவளே சேர்த்துச் சொன்னாள்: மாரியும் கோடையும். அதுவும் பிரயாணத்தைச் சொல்லித்தான், வியாபாரக் கூட்டங்கள் போய் வரும் காலத்தைச் சொல்லித்தான். மாஷா அல்லாஹ், நான் அவ்வளவு தூரம் யோசித்திருக்கவில்லை. அங்கேயும் பருவம் ஒரு வேலையோடுதான் வருகிறது.

ஐந்தாவது விடை எனக்கு மிகப் பிடித்தது. "சீசனா டீச்சர்? துரியான் சீசன், றம்புட்டான் சீசன், நுவரெலியா சீசன்..." அடுத்தவன், "சீசன் டிக்கட்!" வகுப்பே சிரித்தது. ஆனால் நாங்கள் அந்த ஆங்கிலச் சொல்லை எடுத்து எவ்வளவு சரியாக வைத்திருக்கிறோம் பாருங்கள். வானத்தைப் பற்றி அல்ல. எது காய்க்கும், எங்கே சனம் கூடும், எந்தப் பாதையில் பஸ் நிரம்பும் என்பதைப் பற்றி.

இங்கே அந்தக் கடையின் பெயருக்கு வருகிறேன், 'நான்கு காற்றுகள்'. நான் ஆசிரியர் பயிற்சி பெற்றது அட்டாளைச்சேனைக் கலாசாலையில். மலையில் வளர்ந்த எனக்குக் காற்றுக்குப் பெயர் உண்டு என்பதே அங்கே போய்த்தான் தெரியும். விடுதிக்குப் பக்கத்து வீட்டு உம்மா ஒருவர் வாசலில் நின்று முகத்தை ஒரு தரம் திருப்பிப் பார்த்து விட்டுச் சொல்லி விடுவார்: இது வாடை, இது கொண்டல், இது சோழகம். ஜூன், ஜூலையில் மேற்கிலிருந்து வரும் கச்சான் பொல்லாதது. சூடாக, வறண்டு, கண்ணில் மண்ணை வாரி அடிக்கும். உதடு வெடிக்கும். அதே கிழமை வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தால், "இங்க ஒரே மழ, உடுப்பொண்டும் காயிதில்ல" என்பார் உம்மா.

இரண்டும் ஒரே காற்று. தென்மேற்கிலிருந்து ஈரத்தோடு வந்து மலையில் ஏறும்போது மழையாகக் கொட்டி விடுகிறது. மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது வறண்டு, சூடாகி, கச்சானாகிறது. லீவுக்கு அம்பாறை, மஹியங்கனை வழியாகக் கண்டிக்கு வரும் பஸ்ஸில் இதை உடம்பாலேயே படிக்கலாம். மஹியங்கனை தாண்டி பதினெட்டு வளைவு ஏறும் வரை யன்னல் திறந்திருக்கும். மேலே ஏறி ஹுன்னஸ்கிரியப் பக்கம் வரும்போது ஒவ்வொருவராக எழும்பி யன்னலைச் சாத்துவார்கள். இருபது வருடம் கண்டி இராச்சியத்தில் சிறை இருந்த ரொபர்ட் நொக்ஸும் 1681இல் வந்த தன் நூலில் இதைக் கவனித்து எழுதியிருக்கிறார், மலையின் ஒரு பக்கம் மழை, மறு பக்கம் வெயில் என்று. அவருக்கும் முன்னால், 1602 நடுப்பகுதியில், ஒல்லாந்துக் கப்பல் தலைவர் ஜோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் இறங்கி, மஹியங்கனை வழியாகத்தான் கண்டிக்கு ஏறி வந்து விமலதர்மசூரிய மன்னனைச் சந்தித்தார். அந்தச் சந்திப்பும் செப்புத்தகட்டில் செதுக்கப்பட்டு, ஐரோப்பாவில் அச்சாகியது. மன்னனும் தளபதியும் கை பிடித்து நிற்கும் அந்தப் படத்தை நம் வரலாற்றுப் புத்தகங்களில் பார்த்திருப்பீர்கள். கச்சான் அடிக்கும் மாதத்தில் புறப்பட்டு மழைக்குள் ஏறி வந்திருப்பார்கள். படத்தில் அது தெரியாது.

பிள்ளைகளிடம் அச்சு எப்படி வருகிறது என்று காட்ட ரெஜிபோம் துண்டுகள் கொண்டு போயிருந்தேன். பேனையால் அழுத்திக் கோடு கீறி, மேலே மை பூசி, தாளை வைத்துத் தேய்த்தால் படம் வரும். செப்புத்தகட்டில் இதற்கு எதிர்ப்பக்கம். அங்கே உளியால் வெட்டிய கோட்டுக்குள் மை நிற்கும், மேற்பரப்பைத் துடைத்து விடுவார்கள். ஈரமாக்கிய தாளை உருளைகளுக்கு நடுவே அழுத்தும்போது தாள் அந்தக் கோட்டுக்குள் இறங்கி மையை எடுத்து வரும். அதனால் அங்கே கோடு கறுப்பு, நமக்குக் கோடு வெள்ளை. ஆனால் இரண்டிலும் படம் இடம் வலமாக மாறித்தான் வரும். பெயர் எழுதியவர்கள் எல்லோருடைய பெயரும் கண்ணாடியில் பார்ப்பது போல வந்தது. "தமிழையும் அரபு மாதிரி அந்தப் பக்கமிருந்து ஓத வேணும்" என்று ஒரே கும்மாளம். அந்த நேரம் பார்த்து வகுப்பைப் பார்வையிட வந்த ஒருவர், "டீச்சர், இது எந்தத் தேர்ச்சி மட்டம்?" என்று கேட்டார். நான் ஆங்கிலத்தில் மாதங்களின் பெயர்கள் என்று சொன்னேன். பொய்யும் இல்லை. ஒவ்வொரு படத்தின் கீழும் மூன்று மாதங்களின் பெயர் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், அந்த மூன்று மாதத்தில் உங்கள் வீட்டில் நடக்கும் வேலை படத்தில் இருக்க வேண்டும், மரம் மட்டும் வரைந்தால் புள்ளி இல்லை. இதுதான் நான் கொடுத்த ஒப்படை.

வந்த படங்களைப் பார்த்து இரவு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

கராம்பு நிறைய வந்தது. எங்கள் பக்கத்துக்கு அது பெரிய காலம். மொட்டு சிவக்கத் தொடங்கும் போது, பூ விரிவதற்கு முன் ஆய்ந்து விட வேண்டும். விரிந்தால் விலை போய் விடும். மூங்கில் ஏணி, மரத்தில் வாப்பா, கீழே பாயில் உம்மாவும் பிள்ளைகளும் காம்பு கிள்ளுகிறார்கள். ஒரு பிள்ளை மூலையில் ஒரு கறுத்த மேகம் வரைந்து, பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடும் தன்னையும் வரைந்திருந்தாள். காயும் நேரத்தில் மழை பிடித்தால் கராம்பு கறுத்து, வெளுத்து, ஒரு வருட உழைப்பு பாதி விலைக்குப் போகும். ஒருத்தி ஏப்ரலுக்குக் கடை வரைந்திருந்தாள். அவளுடைய வாப்பாவுக்கு டவுனில் உடுப்புக் கடை, சித்திரைப் புத்தாண்டு வியாபாரம்தான் அவர்களின் அறுவடை. ஒருத்தனுடைய ஜூலை, ஓகஸ்டில் பெரஹர சனத்துக்கு நடுவே அவனுடைய மாமா சோளப்பொரி விற்கிறார். அக்குறணையில் சொந்தக்காரர் உள்ள பிள்ளை ஒன்று பிங்கா ஓயா பெருகி வந்து, கடைக்காரர்கள் சாமான்களை மேல் தட்டுக்கு ஏற்றுவதை வரைந்திருந்தது. அக்குறணைக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அந்தப் பின் வாங்குப் பையனின் படத்தில் மழை இல்லை. ஒரு கதவு. கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி. ஆணியில் முடிச்சுப் போட்ட பொலித்தீன் பை. கீழே ஒரு கால், முழங்காலுக்குக் கீழ் மட்டும், படத்தின் கோட்டைத் தாண்டி வெளியே வைத்திருக்கிறது. ஒக்டோபர், நவம்பர், டிசம்பர்.

கூப்பிட்டுக் கேட்டேன். அவர்களின் வீடு மண் வெட்டிய சரிவின் அடியில் இருக்கிறது. ஒரு வருடம் பின் சுவரில் வெடிப்பு வந்து அதிகாரிகள் பார்த்து விட்டுப் போயிருக்கிறார்கள். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கைகள் மூன்று படி. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினால் முதலாவது, 100 தாண்டினால் இரண்டாவது, 150 தாண்டினால் வெளியேற வேண்டும். இந்த எண்களை என்னை விட அவன் நன்றாகச் சொன்னான். இரண்டாவது வந்தாலே அவர்கள் இரவுக்குப் பள்ளிவாசல் மதரஸா மண்டபத்துக்கு வந்து விடுவார்கள். அந்தப் பைக்குள் பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டைகள், காணி உறுதி, அவனுடைய தங்கச்சியின் கிளினிக் அட்டை, வங்கிப் புத்தகம். ஒக்டோபர் பிறந்தால் உம்மா அதை அலுமாரியிலிருந்து எடுத்து ஆணியில் மாட்டுவார். ஜனவரியில் திரும்ப அலுமாரிக்குள் வைப்பார்.

"இது ஆர்ட கால்?"

"உம்மாட. அவதான் கடைசியா வெளிய வாற."

2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போன போது நான் மாணவியாக இருந்தேன். 2016 மே 17 அரநாயக்கவில் சாமசர மலை இறங்கியது. ஒன்று இடைப்பருவம், மற்றது தென்மேல் பருவம் தொடங்கும் மாதம். இந்த மலைகளில் வாழும் பிள்ளைக்குப் பருவம் தெரிந்திருப்பது ஒரு சொற்களஞ்சியப் பயிற்சி அல்ல. எங்கள் பிள்ளைகளுக்கு அது தெரியும். கேட்கிற விதத்தில் நாங்கள் கேட்டால் சொல்வார்கள்.

அதிபரிடம் இரண்டு விசயம் பேசியிருக்கிறேன். ஒன்று, கடும் மழைக்கு அடுத்த நாள் காலையில் வரவு எடுக்கும்போது வராத பிள்ளை எந்தச் சரிவில் இருக்கிறது என்று பார்க்க வகுப்பாசிரியர்களிடம் ஒரு பட்டியல் இருக்க வேண்டும். இரண்டு, அந்தப் பையில் இருக்கும் பத்திரங்களின் போட்டோ கொப்பி ஒரு பிரதி பாடசாலையில் வைக்க விரும்பும் பெற்றோருக்கு இடம் கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் சம்மதம். பட்டியலை இந்தக் கிழமை தொடங்கி விட்டோம். இதுவரை 14 பிள்ளைகள்.

இனி உங்களிடம் ஓர் உதவி. அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, நிந்தவூர் நண்பர்கள், வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள்: கச்சான் அடங்கி வாடை தொடங்குவதற்கு இடையில் வரும் அந்தக் கிழமைகளுக்கு உங்களிடம் தனிப் பெயர் உண்டா? அப்போது வயலில் என்ன வேலை, கடலில் என்ன வேலை? மடவளை, உடதலவின்ன, கலகெதர ஆட்கள், உங்கள் உம்மம்மாமார் கராம்பு ஆயும் காலத்தை எந்த அடையாளம் வைத்துக் கண்டுபிடித்தார்கள்? கொமென்ட்டில் எழுதுங்கள், இல்லாவிட்டால் குரல் பதிவாக இன்பொக்ஸில் போடுங்கள். அடுத்த தவணையில் பிள்ளைகள் அதையும் கீறப் போகிறார்கள். ரெஜிபோம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.